பனியனுக்கு உண்டு செக்கிங்

ராயபுரத்தில் ஒரு பனியன் பிறந்து அட்டைப் பெட்டிக்குள் போய்ப் படுப்பதற்குள் எத்தனை பேர் அதைப் புரட்டிப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுத்தால் தலை சுற்றும். (திருப்பூர் ராயபுரத்தைச் சொல்கிறேன். சென்னை ராயபுரத்துக்காரர்களுக்கு வேறு கவலைகள் உண்டு.) துணியை விரித்துப் பார்க்க ஒருவர். வெட்டியதை எண்ண ஒருவர். லைனுக்குள்ளேயே நடந்து நடந்து தையலை இழுத்துப் பார்க்கும் க்யூ.சி. ஒருவர். செக்கிங் டேபிளில் வரிசையாக நின்றுகொண்டு எண்ணெய்க் கறை, ஊசி ஓட்டை, விட்டுப்போன தையல் என்று ஸ்டிக்கர் ஒட்டும் அக்காக்கள். அயர்ன் முடிந்ததும் இன்னொரு பார்வை. கடைசியில் பையர் அனுப்பிய ஆள் வந்து, ஏ.க்யூ.எல். 2.5 என்று ஒரு கணக்கை வைத்துக்கொண்டு, கட்டிய பெட்டியைப் பிரித்துக் கொட்டிப் பார்ப்பார். அவர் முகம் சுளித்தால் கம்பெனி முதலாளிக்கு அன்று ராத்திரித் தூக்கம் போச்சு.

இன்னொன்றும் உண்டு. தையல் மெஷினில் ஊசி உடைந்தால், உடைந்த துண்டுகள் எல்லாம் கிடைக்கும்வரை டெய்லருக்குப் புது ஊசி கிடையாது. தரையைத் தடவிப் பொறுக்கி, டேப் போட்டு நோட்டில் ஒட்டி, தேதி, நேரம், மெஷின் நம்பர், டெய்லர் பெயர், கையெழுத்து எல்லாம் வாங்கிக்கொண்டுதான் கொடுப்பார்கள். ஏதோ ஓர் ஐரோப்பிய ஊரில் ஏதோ ஒரு குழந்தையின் முதுகில் அந்தத் துண்டு குத்திவிடக் கூடாது. நல்ல அக்கறை. கை தட்டலாம், தப்பில்லை.

இப்போது அதே தெருவைத் தாண்டி ஓர் ஆஸ்பத்திரிக்குப் போவோம். பெயர் வேண்டாம். அந்தப் பெயரில் ஒரு சாமியும் ஒரு 'மல்டி ஸ்பெஷாலிட்டி'யும் இருக்கும், அது போதும். அங்கே இரவு டியூட்டியில் இருக்கும் இருபத்திரண்டு வயதுப் பெண், நோயாளிக்குப் போட்டு எடுத்த ஊசியைத் தன் விரலில் குத்திக்கொள்கிறாள். அதை எழுத அங்கே ஒரு நோட்டு இருக்கிறதா? எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும் என்பது அவளுக்குப் பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வி. சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவினால் போதும், டெட்டால் ஊற்றித் தேய்க்கக் கூடாது என்பதும் அந்த ஐந்து மார்க்கில் அடக்கம். ஆனால் ஆஸ்பத்திரி சொல்வது என்ன? "டெட்டால ஊத்திக் கழுவிட்டுப் போம்மா, ஒம்பதாம் நம்பர் பெட்டுக்கு டிரிப்ஸ் தீரப் போகுது." "சார், டெட்டால் போடக் கூடாதுன்னு..." என்று அவள் வாயெடுத்தால் அந்த மாதத்திலேயே அவளுக்கு ஒரு பட்டம் கிடைத்துவிடும்: வாயாடி.

நர்சிங் மாணவியின் அறிவையும் அவளுடைய முடிவெடுக்கும் திறனையும் நம் ஊர் எப்படிச் சோதிக்கிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. தாளில் விடை எழுதினால் மார்க். அதையே வார்டில் சொன்னால் மெமோ.

தாளில் நடக்கும் சோதனையைக் கொஞ்சம் பார்ப்போம், அதுவும் ரசிக்க வேண்டியதுதான். மருந்து கொடுப்பதற்கு முன் சரிபார்க்க வேண்டிய 'ஐந்து சரிகள்' என்று ஒரு மந்திரம் உண்டு. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். முதலாண்டு மாணவியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். பிறகு சரியான ஆவணம் என்று ஆறாவது வந்தது. இப்போது பத்து வரைக்கும் நீளமாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பாடப் புத்தகத்தில் சரிகள் பெருகப் பெருக, வார்டில் ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

அப்புறம் ரெக்கார்டு நோட்டு, கேர் பிளான், கேஸ் ஸ்டடி. இந்த நாட்டில் எந்த நோயாளி எந்த நோயோடு வந்தாலும் மாணவியின் கேர் பிளானில் அவருக்கு மூன்று பிரச்சினைகள் உறுதி: வலி, பதற்றம், தொற்று ஏற்படும் அபாயம். சீனியர் அக்கா எழுதியதில் பெயரையும் பெட் நம்பரையும் மாற்றினால் போதும். மகப்பேறு கேஸ் புக் இன்னும் ஒரு படி மேல். இத்தனை பிரசவம் பார்த்திருக்க வேண்டும், இத்தனை பிரசவம் தன் கையால் எடுத்திருக்க வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. ஒரே பிரசவ அறையை நாலைந்து கல்லூரிகள் பங்குபோட்டுக்கொண்டு, ஒரு தாயின் கட்டிலைச் சுற்றி ஒரு வகுப்பே நின்று எட்டிப் பார்த்தால் கணக்கு எப்படித் தேறும்? பேனா தேற்றும். கேஸ் புக்குகளில் மையால் பிறந்த குழந்தைகளை எல்லாம் எண்ணினால் தொகுதி மறுவரையறையைப் பற்றித் தமிழ்நாடு கவலைப்பட வேண்டியதே இல்லை.

பாடத்திட்டத்தை வகுத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 2021-இல் இந்திய நர்சிங் கவுன்சில் கொண்டுவந்த பி.எஸ்சி. பாடத்திட்டத்தைப் புரட்டிப் பார்த்தால் எட்டு செமஸ்டர், பொம்மை நோயாளியை வைத்துப் பயிற்சி, திறன்களைத் தனித்தனியாகச் சோதிக்கும் முறை என்று எல்லாம் ஒழுங்காகவே இருக்கின்றன. அந்தப் பொம்மையைத்தான் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைப் பிரின்சிபால் மேஜையில் வைத்துவிடுகிறோம். இன்ஸ்பெக்‌ஷன் அன்று அதன் முகத்தைத் துடைத்து வெளியே எடுப்பார்கள். அதற்கு மட்டும் பேச வாய் இருந்தால், தனக்கு நாடி பார்த்தவர்களைவிடப் பவுடர் போட்டவர்களே அதிகம் என்று சொல்லும்.

சரி, கேள்வித்தாளை நானே தயாரிக்கிறேன். ராயபுரத்துக்கு ஏற்ற கேள்வித்தாள்.

கேள்வி ஒன்று. இரவு மணி ஒன்றே கால். வார்டில் இருபத்து நாலு நோயாளிகள், நர்ஸ் நீங்கள் ஒருவர். ஓவர்டைம் முடித்த கையோடு, செக்கிங் வேலை பார்க்கும் நாற்பத்தாறு வயது அம்மாவை அவர் மகன் பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிவருகிறான். "ஏனுங் சிஸ்டர், அம்மாவுக்குக் கேஸ் புடிச்சிருச்சுங். நெஞ்செரிச்சலாங். ஒரு ஊசி போட்டு உட்டீங்கன்னா போதும்ங், காலைல எட்டரைக்குக் கம்பெனிக்குப் போகோணும்ங்." அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. ரவிக்கை வேர்வையில் நனைந்திருக்கிறது. முதலில் என்ன செய்வீர்கள்?

(அ) பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுப்பேன். சர்க்கரை உள்ள பெண்களுக்கு மாரடைப்பு எப்போதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சினிமா மாதிரி வராது, இப்படிக் கேஸ் வேஷத்திலும் வரும் என்று படித்திருக்கிறேன்.

(ஆ) டியூட்டி டாக்டருக்குப் போன் போடுவேன். அவர் எடுக்கும்வரை போட்டுக்கொண்டே இருப்பேன்.

(இ) ஈ.எஸ்.ஐ. இருக்கா, இன்சூரன்ஸ் இருக்கா, முன்பணம் எவ்வளவு கட்டுவீங்க என்று ரிசப்ஷனில் கேட்டுவரச் சொல்வேன்.

(ஈ) கேட்டபடி ஊசி போட்டு அனுப்புவேன்.

பல்கலைக்கழக விடைக்குறிப்பு (அ) என்று சொல்லும். ஆனால் அந்தப் பெண் (அ) செய்து, ஈ.சி.ஜி. நல்லபடியாக வந்துவிட்டால், "டாக்டர் எழுதாம எடுத்த ஈ.சி.ஜி.க்குக் காசு யாரு குடுப்பா, உங்கப்பனா?" என்று காலையில் மேனேஜர் கேட்பார். (ஈ) செய்து அந்த அம்மா வீட்டில் செத்துப் போனால், கொதித்துக்கொண்டு வருகிற கூட்டத்தின் முன்னால் நிறுத்துவதற்கு அதே பெண்தான் தேவைப்படுவாள். இரண்டு விடைக்கும் தண்டனை உண்டு என்றால், தண்டனை இல்லாத விடையை அவள் தேடத்தான் செய்வாள். அதுதான் (ஆ). காலைவரை போன் போட்டுக்கொண்டே இருப்பது. நம் ஆஸ்பத்திரிகளில் பாதி முடிவெடுக்கும் திறன் ரீசார்ஜில்தான் ஓடுகிறது.

கேள்வித்தாளில் வராத இன்னொரு சங்கதியும் உண்டு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பிள்ளைகள் வந்துதான் திருப்பூரின் மெஷின்கள் ஓடுகின்றன. நோயாளி எந்த மொழியில் முனகினாலும் அது என்ன வலி, எப்போது தொடங்கியது, எங்கே பரவுகிறது என்று கேட்டறிய வேண்டியவள் நர்ஸ். நாலு வருஷப் படிப்பில் இதற்கு ஒரு மணி நேரமும் ஒதுக்கவில்லை. "கஹா தர்த்? இதர்? உதர்?" என்று பக்கத்துப் பெட்டில் படுத்திருக்கும் இன்னொரு பீகார்ப் பையனிடம் கேட்டுக் கேட்டு அவளே கற்றுக்கொள்கிறாள். யாரும் கற்றுத் தராமல், யாரும் மார்க் போடாமல் இந்த ஊர் நர்ஸ்கள் பாஸான ஒரே பேப்பர் இதுதான். ஹிந்தி ஒழிக என்று கத்துகிறவர்களும் வாழ்க என்று கத்துகிறவர்களும் ஒரு நைட் டியூட்டி பார்த்துவிட்டு வந்து கத்தலாம்.

கேள்வி இரண்டு, இன்சுலின். இந்தியாவில் இன்சுலின் மில்லிக்கு 40 யூனிட் என்றும் வருகிறது, 100 யூனிட் என்றும் வருகிறது. சிவப்பு மூடி சிரிஞ்ச் 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. பரீட்சையில் 'இன்சுலின் வரையறு, அதன் வகைகளை விவரி' என்று பத்து மார்க்குக்குக் கேட்பார்கள். பக்கம் பக்கமாக எழுதிவிட்டு வருவாள். வார்டில் 40 யூனிட் பாட்டில் இருக்கும், ஸ்டோரில் சிவப்பு மூடி தீர்ந்து போயிருக்கும், ஆரஞ்சு மூடி மட்டும் கிடைக்கும். டாக்டர் எழுதியது 20 யூனிட். அந்த சிரிஞ்சில் 20 என்ற கோடுவரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். மாறாக, 100 யூனிட் பாட்டிலில் சிவப்பு மூடியை வைத்து 20 கோடுவரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். அதைப் போட்டுக்கொண்ட பெரியவர் விடியற்காலையில் எழுந்திருக்காமலே போகலாம். இந்தக் கணக்கு கேள்வித்தாளில் வர வேண்டுமா, வேண்டாமா? வந்தால் மாணவிக்கு மட்டும் வர வேண்டுமா, சிவப்பு மூடி வாங்கிப் போடாத ஸ்டோர் கீப்பருக்கும், இரண்டு ரூபாய் மிச்சம் பிடித்த முதலாளிக்கும் சேர்த்து வர வேண்டுமா?

இன்னொரு கணக்கு, மூச்சுக் கணக்கு. நோயாளியின் நிலை கெடப் போகிறது என்பதை முதலில் காட்டிக்கொடுப்பவற்றில் மூச்சும் ஒன்று. ஒரு நிமிடம் முழுக்க நெஞ்சைப் பார்த்து எண்ண வேண்டும். எந்த ஆஸ்பத்திரியின் சார்ட்டை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். நிமோனியாக்காரருக்கு 20, குடலிறக்க ஆபரேஷன் முடிந்தவருக்கு 20, கால் முறிந்த பையனுக்கு 20, டிஸ்சார்ஜுக்குக் காத்திருக்கும் பாட்டிக்கும் 20. ராணுவ அணிவகுப்புக்கூட இத்தனை ஒழுங்காக மூச்சு விடாது. சோம்பேறித்தனம் என்று நர்ஸைத் திட்டுவதற்கு முன் ஒரு கூட்டல் போடுங்கள். இருபத்து நாலு பேருக்கு ஆளுக்கு ஒரு நிமிடம் என்றால் மூச்சு எண்ணவே இருபத்து நாலு நிமிடம். ஒரு ரவுண்டுக்கு. பயிற்சி தரும் மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்றதில் ஐந்து பேருக்கு ஒருவர் என்ற நர்சிங் கவுன்சில் கணக்கும் பரீட்சையில் கேட்கப்படும் கேள்விதான். மூன்றுக்கு ஒன்று என்று எழுதி மார்க் வாங்கிய பெண்ணை இருபத்து நாலுக்கு ஒன்றாக நிறுத்திவிட்டு, சார்ட்டில் 20 என்று பொய் எழுதிவிட்டாள் என்று கோபப்படுகிறோம்.

மே 12 வந்தால் போதும், கல்லூரிக்குக் கல்லூரி மெழுகுவர்த்தி ஏந்தி, ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் படத்துக்கு மாலை போட்டு உறுதிமொழி எடுப்பார்கள். எம்.எல்.ஏ. வருவார், 'வெள்ளுடைத் தேவதைகள்' என்பார். அந்த அம்மையார் விளக்கோடு சேர்த்துக் கணக்கு நோட்டையும் தூக்கிக்கொண்டு அலைந்தவர் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. கிரிமியப் போரில் சிப்பாய்கள் காயத்தைவிட ஆஸ்பத்திரி அழுக்கினால்தான் அதிகம் செத்தார்கள் என்று 1858-இல் வரைபடம் போட்டு, அதிகாரிகள் முகத்துக்கு நேரே நீட்டியவர். இன்று ஒரு மாணவி ராயபுரத்து ஆஸ்பத்திரியில் எத்தனை பேருக்கு ஊசி போட்ட இடம் பழுத்தது என்று வரைபடம் போட்டு எம்.டி. முகத்துக்கு நேரே நீட்டிப் பார்க்கட்டும். மறுநாளே அவள் விளக்கும் அணைந்துவிடும், வேலையும் போய்விடும்.

இதில் இன்னொரு வேடிக்கை. 1887-இல் இங்கிலாந்தில் ஒரு நர்ஸ் சங்கம் தொடங்கி, பொதுத் தேர்வு வேண்டும், பதிவேடு வேண்டும் என்று கிளம்பியபோது அதை எதிர்த்து நின்றவரும் நைட்டிங்கேல்தான். பரீட்சையில் தெரிவது புத்தக அறிவு, நல்ல நர்ஸுக்கு வேண்டிய குணமும் கவனிப்பும் அதில் தெரியாது என்பது அவர் கட்சி. அதை நான் முழுசாக ஒப்புக்கொள்ள மாட்டேன். பதிவேடு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதைப் பார்க்க இங்கிலாந்துக்குப் போக வேண்டாம், திருப்பூர் மங்கலம் ரோட்டோரம் நடந்தால் போதும். 1926-லேயே அன்றைய சென்னை மாகாணத்துக்கு நர்ஸ்கள், மருத்துவச்சிகள் சட்டம் வந்துவிட்டது. நூறு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் பிளஸ் டூ முடித்துவிட்டு ஆறு மாதக் கோர்ஸ் படித்த பெண்ணுக்கு அதே கோட்டை மாட்டிவிட்டு, 'சிஸ்டர்' என்று கூப்பிட்டு, ஐ.வி. போடச் சொல்லும் இடங்கள் உண்டு. அந்தப் பிள்ளைமேல் எனக்குக் கோபம் இல்லை. வீட்டுக் கஷ்டத்துக்கு வந்தவள். அவளுக்குக் கேள்வித்தாளே கிடையாது, அதனால் தப்பு விடையும் கிடையாது. நாலு வருஷம் படித்தவளைவிடக் குறைந்த சம்பளம், எதிர்த்துக் கேட்கப் பாடமும் தெரியாது. முதலாளி கண்ணுக்கு இதைவிடச் சிறந்த மாணவி யார்?

சோதிக்கிறவர்களை யார் சோதிப்பது என்ற கதைக்கு வருவோம். மத்தியப் பிரதேசத்தில் நர்சிங் கல்லூரிகள் மழைக்காளான் போல முளைத்தன. ஆஸ்பத்திரி இல்லாத கல்லூரி, கட்டடம் இல்லாத கல்லூரி, ஒரே வாத்தியார் பெயரைப் பல இடத்தில் காட்டிய கல்லூரி. உயர் நீதிமன்றம் பொறுமை இழந்து சி.பி.ஐ.யைக் கூப்பிட்டது. சி.பி.ஐ. போய் 308 கல்லூரிகளைப் பார்த்துவிட்டு வந்து, 169 நன்றாக இருக்கின்றன என்று நற்சான்று கொடுத்தது. 2024 மே மாதத்தில் அதே சி.பி.ஐ. தன்னுடைய இன்ஸ்பெக்டரையே 10 லட்சம் ரூபாய் லஞ்சத்தோடு பிடித்தது. எதற்கு லஞ்சம்? நற்சான்றுக்கு! அந்த 169-ஐயும் மறுபடி போய்ப் பாருங்கள் என்றது நீதிமன்றம். இந்தக் கூத்து முடிவதற்குள் அங்கே படித்த பிள்ளைகள் பரீட்சையே நடக்காமல் வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். திருடியவன் கல்லூரி, விற்றவன் அதிகாரி, ஃபெயிலானவள் மாணவி.

வடக்கே அப்படித்தான் என்று நெளிய வேண்டாம், அமெரிக்காவுக்கும் போய்வருவோம். 2023 ஜனவரியில் அங்கே ஒரு வழக்கு வெடித்தது. பெயர் 'ஆபரேஷன் நைட்டிங்கேல்', பாவம் அந்த அம்மையார். தெற்கு ஃபுளோரிடாவில் மூன்று நர்சிங் பள்ளிகள் 7,600-க்கு மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை ஆளுக்குப் பத்தாயிரம், பதினைந்தாயிரம் டாலருக்கு விற்றிருந்தன. வகுப்பும் இல்லை, வார்டும் இல்லை. விஷயம் அதுவல்ல. வாங்கியவர்களில் சுமார் 2,400 பேர் அந்நாட்டு லைசென்ஸ் தேர்விலும் பாஸாகிவிட்டார்கள். அந்தப் பட்டத்துக்கான பயிற்சி எதுவும் இல்லாமல்! கேள்விக்குப் பதில் சொல்வதும் நோயாளியைப் பார்ப்பதும் வேறு வேறு தொழில் என்பதற்கு எந்த ஆராய்ச்சியாளரும் இத்தனை செலவில் ஆய்வு நடத்தியிருக்க முடியாது.

அதே ஆண்டு ஏப்ரலில் அவர்கள் தேர்வை மாற்றினார்கள். இப்போது மனப்பாடம் மட்டும் உதவாது. ஒரு நோயாளியின் கதையைக் கொடுத்து, எதைக் கவனித்தாய், அதற்கு என்ன அர்த்தம், எதற்கு முதலிடம், என்ன வழிகள், என்ன செய்வாய், செய்தது பலித்ததா என்று ஆறு படியாகக் கேட்கிறார்கள். நல்ல மாற்றம்தான், கேலி செய்ய மாட்டேன். நம் பிள்ளைகள் கடன் வாங்கிக் கோச்சிங் போய், சென்னையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அதை எழுதி அமெரிக்காவுக்கு விமானம் ஏறுகிறார்கள். நல்லா இருக்கட்டும். 'நீ என்ன கவனித்தாய்' என்று இந்தப் பெண்ணைப் பார்த்து வாழ்க்கையில் முதன்முதலாகக் கேட்டது அயல்நாட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றுதான் என்பது மட்டும் உறுத்துகிறது. இங்கே அவளிடம் கேட்கப்பட்ட கேள்வி, "பில் போட்டாச்சா?"

அரசாங்கமும் சோதனை வைத்தது. 2015 ஜூன் 28 அன்று மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 7,243 நர்ஸ் இடங்களுக்குப் போட்டித் தேர்வு நடத்தியது. படித்து, பதிவு செய்து, லைசென்ஸ் வாங்கியவர்களை மறுபடி உட்காரவைத்து வடிகட்டியது. வடிகட்டி எடுத்த ரத்தினங்களுக்குக் கொடுத்த மாதச் சம்பளம் 7,700 ரூபாய், தொகுப்பூதியம். இரண்டு வருஷம் போகட்டும், அப்புறம் காலமுறைச் சம்பளம் என்றார்கள். இரண்டு வருஷம் போனது, சம்பளம் இருந்த இடத்திலேயே நின்றது. 2017 நவம்பரில் அந்தப் பெண்கள் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் வந்து உட்கார்ந்தார்கள். நோயாளிகள் தவிக்கிறார்களே, இது நியாயமா என்று அப்போது ஊரே கேட்டது. 7,700 ரூபாய்க்கு ஒரு பிரசவ வார்டு ராத்திரி முழுக்க ஓடுகிறதே, அது நியாயமா என்று அதுவரை யாரும் கேட்கவில்லை. சனிக்கிழமை சம்பளக் கவரைப் பிரித்துப் பார்க்கும் ராயபுரத்து ஓவர்லாக் டெய்லருக்கு அந்தத் தொகையைச் சொன்னால், "அதுக்கு ஏன் சாமி படிக்கோணும்?" என்றுதான் கேட்பார். அது கேலி இல்லை. அவர் மகள் நர்சிங் படித்துக்கொண்டிருப்பாள், கடனில்.

தனியார் பக்கம் பார்த்தால், 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதன்பேரில் மத்திய அரசு அமைத்த குழு ஒரு கணக்குக் கொடுத்தது. 50 படுக்கைக்குக் குறைந்த ஆஸ்பத்திரியில்கூட நர்ஸுக்கு மாதம் 20,000 குறையக் கூடாது. 200 படுக்கைக்கு மேல் போனால் அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம். கேரளத்தில் நர்ஸ்கள் தெருவில் இறங்கிப் போராடி 2018-இல் அந்த 20,000-ஐ அரசாணையாக வாங்கினார்கள். நம் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளில் இந்தப் பரிந்துரையைப் பற்றிக் கேட்டால், "எந்தக் கம்பெனி மருந்துங்க அது?" என்பார்கள்.

கடைசியாக மில்லுக்குள் போவோம். நர்ஸ் இல்லாத இடத்தில் நர்ஸ் வேலையை யார் பார்க்கிறார்கள் என்று தெரிய வேண்டுமே. 500 பேருக்கு மேல் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் ஆம்புலன்ஸ் அறையும், அதற்கு மருத்துவ, நர்சிங் ஆட்களும் இருக்க வேண்டும் என்று 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் 45-ஆம் பிரிவில் சொன்னது. 2019 ஜூனில் தாம்சன் ராய்ட்டர்ஸ் ஃபவுண்டேஷன் தமிழ்நாட்டின் நூற்பாலைகளிலும் ஆயத்த ஆடைக் கம்பெனிகளிலும் வேலை பார்க்கும் சுமார் நூறு பெண்களிடம் பேசி ஒரு செய்தி வெளியிட்டது. மாதவிடாய் வலி என்று சொன்னால் லீவு இல்லை, உட்கார இடம் இல்லை, ஒரு மாத்திரை உண்டு. மாத்திரையில் பெயர் இல்லை, பக்க விளைவு பற்றிப் பேச்சு இல்லை, பெரும்பாலும் கொடுத்தவர் மருத்துவரும் இல்லை, நர்ஸும் இல்லை. சூபர்வைசர். டாக்டர்களிடம் காட்டியபோது, ஐபுப்ரோஃபென் வகையைச் சேர்ந்த வலி மாத்திரை என்றார்கள். வருஷக்கணக்கில் அதை விழுங்கிய பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் உடம்பு கெட்டது என்று சொன்னார்கள்.

அந்தச் சூபர்வைசரை நர்சிங் மாணவி என்று வைத்துக்கொண்டு ஐந்து சரிகளில் சோதித்துப் பார்ப்போம். சரியான நோயாளியா? யாரிடமும் பெயர் கேட்கவில்லை, லைனில் தலை சாய்த்த எல்லாருக்கும் ஒன்று. சரியான மருந்தா? லேபிளே இல்லை. சரியான அளவா? அவர் கையில் வந்த அளவு. சரியான நேரமா? புரொடக்‌ஷன் குறைகிற நேரம். சரியான வழியா? வாய் வழியாகத்தான் கொடுத்திருக்கிறார், அது சரி. ஐந்துக்கு ஒரு மார்க். நர்சிங் மாணவி இந்த மார்க் வாங்கினால் ஃபெயில், அடுத்த செமஸ்டருக்குப் பணம் கட்ட வேண்டும். இவர் பாஸ். அன்றைக்கு டார்கெட் முடிந்தது, பெட்டி கட்டியாயிற்று, கப்பலும் ஏறியாயிற்று.

எனவே கேள்வி மூன்று. இது மாணவிகளுக்கு இல்லை. ஆஸ்பத்திரி முதலாளிகள், மில் முதலாளிகள், கல்லூரித் தாளாளர்கள், நற்சான்று கொடுக்கும் இன்ஸ்பெக்டர்கள், தொகுப்பூதிய ஆணையில் கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாருக்கும் கட்டாயக் கேள்வி, சாய்ஸ் கிடையாது. உங்கள் ஆஸ்பத்திரியில், மில்லில், கல்லூரியில் நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு எத்தனை பேருக்கு எத்தனை நர்ஸ் இருந்தார்கள்? அவர்கள் பெயர், பதிவெண், போன மாதச் சம்பளம் எவ்வளவு? கடைசியாக ஒரு நர்ஸ் 'இது தப்பு' என்று உங்களிடம் சொன்னது எப்போது, இப்போது அவர் எங்கே வேலை பார்க்கிறார்? நேரம் மூன்று மணி. தமிழிலோ ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோ எழுதலாம். சூபர்வைசரை விட்டு எழுதச் சொல்லக் கூடாது.